பொய்யுரைக்கும் பாத்திரங்கள்

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் மலைப்பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள் உள. ஒவ்வொரு வளைவிலும் பேருந்து முகம் திருப்பும்போது, சற்று முன் நம் இடப்புறம் கிடந்த சேலம் நகரம் வலப்புறம் வந்து நிற்கும். நகரம் இருந்த இடத்திலேயே இருக்கிறது; திரும்புவோர் நாமே. ஆயினும் கண் அதை ஒப்புவதில்லை. மலையேறுவோர்க்கு இது ஒரு சிறு வேடிக்கை. நமக்கோ, சென்ற ஷஅபான் மாதத்தில் அம்மலையில் தங்க நேர்ந்த மூன்று நாள்களின் முடிவில், இவ்வேடிக்கை ஒரு பாடமாகவே தோன்றியது.

அங்குள்ள பள்ளிவாசலில் அஸர் தொழுகை முடிந்து அமர்ந்திருந்தோம். கடைத்தெருவில் மிளகும் காப்பிக் கொட்டையும் வாங்கி விற்கும் அன்பர் ஒருவர், கையில் ஒரு நோட்டுப் புத்தகத்துடன் வந்து ஸலாம் உரைத்து அமர்ந்தார். "ஹஸ்ரத், கதை எழுதுவது மார்க்கத்தில் ஆகுமா? பன்னிரண்டாம் வகுப்பு முடித்த என் மகள் எழுதியிருக்கிறாள். அதிலே வருகிற பெண்பிள்ளை, பெற்ற அத்தாவிடமே பொய் சொல்கிறாள். பொய்யைப் பற்றி இவ்வளவு எழுதத் தெரிந்தவளுக்குப் பொய் சொல்லவும் தெரிந்திருக்கும் அல்லவா? கிழித்துப் போட மனம் வரவில்லை. நீங்கள் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும்" என்றார்.

நாம் அவ்வொரு வார்த்தையைச் சொல்லிவிட்டோம். "பொய் பெரும்பாவங்களுள் ஒன்று. கதையில் சொன்னாலும் பொய் பொய்தான். பிள்ளையின் மனத்தை வேறு நல்ல வழியில் திருப்புங்கள்" என்றோம். அவர் நிம்மதியோடு எழுந்தார். நோட்டை நம்மிடமே விட்டுச் சென்றார்.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. நோட்டின் ஓர் ஏட்டையும் புரட்டிப் பாராமல் அதன்மீது தீர்ப்புக் கூறிவிட்டோம். தெரியாததைத் தெரிந்ததுபோல் உரைத்தது எவ்வகையைச் சேர்ந்த சொல்? இமாம் மாலிக் (ரஹ்) அவர்கள் தம்மிடம் வந்த வினாக்கள் பலவற்றுக்கு "அறியேன்" என்றே விடை கூறினார்கள் என்பதை மாணாக்கர்களுக்கு ஆண்டுதோறும் சொல்லிவரும் நாம், ஒரு தந்தையின் கவலை தோய்ந்த முகத்தின் முன் அச்சொல்லை மறந்தோம். கதைப் பாத்திரம் ஒன்று பொய் சொன்னதற்காக ஒரு பெண்பிள்ளையைக் கண்டித்த வேளையில், உண்மையாகவே பொய்யுரைத்தவர் நாமாக இருக்கக்கூடும் என்ற எண்ணம் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. விளக்கை ஏற்றி நோட்டைத் திறந்தோம். அதில் நாம் படித்ததைப் பின்னர் உரைப்போம். படித்த பின் எழுந்த சிந்தனையை முதற்கண் வாசகர் முன் வைக்கிறோம்.

கற்பனையும் பொய்யும்

அந்த அன்பரின் வினாவில் இரு வினாக்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. நடவாத ஒன்றை நடந்ததாக எழுதும் ஆசிரியன் பொய்யனா என்பது ஒன்று. அவன் படைத்த பாத்திரம் ஏன் பொய் பேசுகிறது, அதைப் படிப்போர்க்கு அதனால் கேடு விளையுமா என்பது மற்றொன்று. இவ்விரண்டையும் பிரித்தறியாதவர் இரண்டிலும் தவறுவர்.

முதல் வினாவுக்கு விடை காண்பது எளிது. அரபு இலக்கணம் ஓதிய எவரும் "ஸைது அம்ரை அடித்தான்" என்னும் வாக்கியத்தை அறிவர். எழுவாய்க்கும் செயப்படுபொருளுக்கும் எடுத்துக்காட்டாகப் பல நூற்றாண்டுகளாக உஸ்தாதுமார்கள் ஸைதைக் கொண்டு அம்ரை அடிக்கச் செய்து வருகிறார்கள். அம்ரு செய்த குற்றம் யாது, ஸைதுக்கு என்ன தண்டனை என்று எந்த மாணவனும் கேட்டதில்லை. இலக்கண ஆசிரியர்கள் பொய்யர்கள் என்று எந்தக் காழியும் தீர்ப்பளித்ததுமில்லை. ஏன்? கேட்போன் அதை நிகழ்ச்சியாக நம்பவேண்டும் என்பது சொல்வோனின் நோக்கமன்று; நம்புவானென்று அவன் எதிர்பார்ப்பதுமில்லை. கேட்போனை ஏய்க்கும் எண்ணமே பொய்யின் உயிர். அவ்வெண்ணம் இல்லாத இடத்தில், நடவாததைக் கூறுவது உவமையாகும், பாடமாகும், கதையாகும்.

இதை நாம் புதிதாகக் கூறவில்லை. பஸராவைச் சேர்ந்தவரும் ஹிஜ்ரி 516-இல் (கி.பி. 1122) மறைந்தவருமான அல்ஹரீரி, தம் 'மகாமாத்' நூலின் முன்னுரையிலேயே இக்குற்றச்சாட்டை எதிர்கொள்கிறார். விலங்குகளையும் உயிரற்ற பொருள்களையும் பேசவைத்து அறிவு புகட்டிய கதைகளை எவரும் வெறுத்து ஒதுக்கியதில்லை என்பதையும், செயல்கள் எண்ணங்களைப் பொறுத்தவை என்பதையும் சுட்டித் தம்மைக் காத்துக்கொள்கிறார். அந்நூலை மத்ரஸாக்கள் பாடமாகவே ஏற்றன. அதன் தலைவன் எத்தகையவன்? ஸரூஜ் நகரத்து அபூ ஸைத். ஐம்பது அத்தியாயங்களில் ஊர் ஊராகச் சென்று வேடம் புனைந்து, நாவன்மையால் மக்களை மயக்கிக் காசு பறிப்பவன். ஓரிடத்தில் பள்ளியில் நின்று உபதேசிப்பான். மற்றோரிடத்தில் நொண்டியாக நடப்பான். இவனுடைய பொய்களை வரி வரியாக ஓதி, அகராதி பார்த்துப் பொருள் எழுதியே நம் ஆலிம்கள் அரபு கற்றார்கள்; நாமும் அவ்வாறே கற்றோம். அபூ ஸைதைப் படித்ததனால் வஞ்சகராக மாறிய ஆலிம் எவரையும் நாம் கண்டதில்லை. ஒரு மலைநாட்டுப் பெண்ணின் நோட்டிலே ஒரு பொய்யைக் கண்டவுடன் மட்டும் ஏன் பதறினோம்?

அந்நூலின் ஐம்பதாம் மகாமா நினைந்து நினைந்து வியக்கத்தக்கது. பஸராவின் பள்ளிவாசலில் அபூ ஸைத் மக்கள் முன் நின்று, தான் பாவி என்றும், தனக்காகத் துஆச் செய்யுமாறும் வேண்டுகிறான். இதுவும் அவனுடைய பழைய தந்திரங்களுள் ஒன்றே. மக்கள் துஆச் செய்கிறார்கள். ஆனால் அம்முறை அவன் நெஞ்சு உண்மையாகவே உடைகிறது. ஏமாற்ற வந்தவன் தவ்பாச் செய்தவனாகத் திரும்புகிறான். அவனைத் தேடிச் செல்லும் நண்பன் ஹாரித், அவனைத் தொழுகை விரிப்பில் காண்கிறான். நாற்பத்தொன்பது பொய்களையும் கூடவே நடந்து கண்டிருந்தாலன்றி இந்த ஒரு மெய்யின் எடை வாசகனுக்குத் தெரியாது.

சட்டை கூறும் சாட்சியம்

இனி இரண்டாம் வினா. பாத்திரங்கள் ஏன் பொய் சொல்கின்றன? மனிதர்கள் சொல்வதனால் என்பது சுருக்கமான விடை. அச்சம், ஆசை, பொறாமை, நாணம், அன்பு ஆகிய ஐந்தினுள் ஒன்றேனும் இல்லாமல் எவரும் பொய் சொல்வதில்லை. ஆகவே ஒரு பாத்திரம் பொய்யுரைத்த மாத்திரத்தில் அதன் உள்ளத்தில் ஏதோ ஒன்று ஒளிந்துள்ளது என்பதை வாசகன் அறிந்துகொள்கிறான். "அவன் பொறாமைக்காரன்" என்று ஆசிரியன் நூறு முறை எழுதுவதைவிட, அவன் வாயில் ஒரு பொய்யை வைத்துவிட்டால் போதும்.

இதற்கு மிகச் சிறந்த பாடம் யூஸுஃப் (அலை) அவர்களின் வரலாற்றில் உள்ளது. குர்ஆன் கூறுவது கற்பனை அன்று, அது மெய்வரலாறு. எனினும் மனிதரிடையே பொய் எவ்வாறு பிறக்கிறது, எவ்வாறு நடக்கிறது, எவ்வாறு வீழ்கிறது என்பதைக் கற்க விரும்பும் கதாசிரியன் 'அஹ்ஸனுல் கஸஸ்' எனப்படும் அவ்வழகிய வரலாற்றின் முன் மாணவனாக அமரவேண்டும்.

பன்னிரண்டாம் அத்தியாயமான அதன் 111 வசனங்களில் மூன்று முறை ஒரு சட்டை வருகிறது. முதற்சட்டை பொய்க்குருதி பூசப்பட்டது. சகோதரர்கள் அதைத் தந்தையிடம் இரவு நேரத்தில் அழுதுகொண்டே கொண்டு வருகிறார்கள். நாவு மட்டும் பொய் சொல்லவில்லை. கண்ணீரும் பொய் சொல்கிறது. அழுதுகொண்டு வழக்குரைக்க வந்த ஒரு பெண்ணைக் கண்டு அருகிலிருந்தவர் இரங்கியபோது, யூஸுஃபின் சகோதரர்களும் அழுதுகொண்டுதானே வந்தார்கள் என்று காழி ஷுரைஹ் கூறியதாக அறிஞர்கள் எழுதியுள்ளனர். யஅகூப் (அலை) அவர்களோ சட்டையைப் பார்க்கிறார்கள். விரிவுரையாளர்கள் கூறுவதுபோல, பிள்ளையைத் தின்ற ஓநாய் சட்டையை மட்டும் கிழிக்காமல் விட்டதே என்ற ஐயம் அங்கே பிறக்கிறது. பொய்யர் எல்லாவற்றையும் எண்ணினர், கிழிசலை எண்ணவில்லை.

இரண்டாம் சட்டை கிழிந்தது. அஜீஸின் மனைவி யூஸுஃப் மீது பழி சுமத்துகிறாள். சட்டை பின்புறம் கிழிந்திருப்பதே அவர்களின் தூய்மைக்குச் சாட்சியாகிறது. முதலில் கிழியாமையால் பொய் வெளிப்பட்டது. பின்னர் கிழிந்தமையால் பொய் வெளிப்பட்டது. மூன்றாம் சட்டை, அழுதழுது ஒளியிழந்த தந்தையின் முகத்தில் இடப்பட்டுப் பார்வையை மீட்கிறது. துயரத்தைத் தொடங்கி வைத்தது ஒரு சட்டை; துடைத்ததும் ஒரு சட்டை.

இங்கே நாடகச்சுவை எங்ஙனம் விளைகிறது என்பதைக் கூர்ந்து நோக்குக. யூஸுஃப் கிணற்றில் உயிரோடிருப்பது கேட்போராகிய நமக்குத் தெரியும். தந்தைக்குத் தெரியாது. சகோதரர்களுக்குத் தெரியும், ஆனால் தெரியாதவர்போல் நிற்கிறார்கள். ஒரே கூடத்தில் மூவகை அறிவு நிலவுகிறது. இந்த இடைவெளியில்தான் நெஞ்சு துடிக்கிறது. எப்போது தெரியவரும், யாருக்கு முதலில் தெரியும், தெரிந்த பின் என்ன ஆகும் என்னும் மூன்று கேள்விகளும் ஒரு பொய் பிறந்தவுடன் தாமே பிறந்துவிடுகின்றன. மெய் பேசியவன் தன் கடனைத் தீர்த்தவன். அவனிடம் இனிக் கேட்பதற்கொன்றுமில்லை. பொய் பேசியவனோ தவணை குறிக்கப்படாத கடனை வாங்கியவன். அக்கடன் எப்போது வந்து கதவைத் தட்டும் என்று காத்திருப்பதே கதை.

இன்னுமொன்று. பொய்யை உள்ளிருந்து காண்போர்க்கு மறைக்கப்பட்டது, மேலிருந்து காண்போர்க்கு மறைக்கப்படவில்லை. கதையைக் கேட்கும் சிறு பொழுதேனும் மறைவானதைக் காணும் இடத்தில் நாம் நிறுத்தப்படுகிறோம். நம்முடைய மறைவுகளையும் காண்பவன் ஒருவன் உளன் என்ற நினைவு அப்போது எழாத உள்ளம் கல்லேயாகும்.

மலையுச்சியில் இருவர்

ஏற்காட்டிலிருந்துகொண்டு இப்பொருளைச் சிந்திப்பவர்க்கு மற்றொரு கதை நினைவுக்கு வராமல் இராது. மலையடிவாரத்தில், சேலம்–ஏற்காடு சாலையோரம், மாடர்ன் தியேட்டர்ஸின் நுழைவு வளைவு இன்றும் நிற்கிறது. டி. ஆர். சுந்தரம் நிறுவிய அப்படநிலையம் நூற்றுக்கு மேற்பட்ட படங்களை உருவாக்கியது. 1950-இல் அங்கிருந்து வெளிவந்தது 'மந்திரி குமாரி'. கதையும் வசனமும் மு. கருணாநிதி எழுதியவை. கணவன் மனைவியைப் பாட்டுப் பாடி மலையுச்சிக்கு அழைத்துச் செல்லும் புகழ்பெற்ற காட்சி இச்சேர்வராயன் மலையிலேயே எடுக்கப்பட்டது என்பது சேலத்து மக்கள் வழிவழியாகச் சொல்லிவரும் செய்தி. திரைப்படம் ஆகுமா ஆகாதா என்னும் விவாதத்துக்குள் நாம் நுழைய வரவில்லை. அக்காட்சியின் வேர் திரையினும் பன்மடங்கு பழமையானது. நாதகுத்தனார் இயற்றிய பௌத்த காப்பியமாகிய குண்டலகேசியே அவ்வேர். ஐம்பெருங்காப்பியங்களுள் ஒன்றாகிய அந்நூலில் நமக்கு எஞ்சியவை சில செய்யுள்களே. கதையோ நீலகேசி உரையாலும் பாலி மொழி நூல்களாலும் அறியப்படுகிறது.

வணிகன் மகள் பத்திரை, கொலைக்களத்துக்கு இழுத்துச் செல்லப்படும் கள்வனைக் கண்டு காதல் கொள்கிறாள். தந்தை அவனை மீட்டு மணம் முடித்து வைக்கிறார். ஒருநாள் ஊடலில், "நீ கள்வன் அல்லவா" என்று விளையாட்டாகக் கூறிவிடுகிறாள். அவள் சொன்னது மெய்தான். அம்மெய் அவன் நெஞ்சில் நஞ்சாக இறங்குகிறது. அவன் அதைக் காட்டிக்கொள்ளாமல், இனிய சொற்கூறி அவளை மலையுச்சிக்கு அழைத்துச் செல்கிறான். அங்கே சென்றபின் கொல்லப்போவதாகக் கூறுகிறான். அவள் கதறவில்லை. "இறப்பதற்குமுன் உம்மை வலம்வந்து வணங்க விடை தாரும்" என்று வேண்டுகிறாள். அவன் இசைகிறான். வலம் வருபவள்போல் வந்து, பின்புறமிருந்து அவனைத் தள்ளிவிடுகிறாள்.

இந்த உச்சியில் இரண்டு வஞ்சனைகள் எதிரெதிராக நிற்கின்றன. இரண்டும் ஒன்றா? நம் ஃபிக்ஹு அறிஞர்களின் கண்ணால் இதைப் பார்ப்போம். நபி (ஸல்) அவர்கள், மக்களிடையே சமாதானம் செய்வதற்காக நல்லதைச் சொல்பவர் பொய்யர் ஆகார் என்று கூறியதையும், போர், சமாதானம், கணவன் மனைவி உரையாடல் ஆகிய மூன்றிடங்களில் சலுகை உண்டென்பதையும் உம்மு குல்தூம் (ரலி) வழியாக வந்த அறிவிப்பில் காண்கிறோம். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் 'இஹ்யா'வில் நாவின் கேடுகளை ஆராயும்போது ஓர் அளவுகோல் தருகிறார்கள். பேச்சு என்பது குறிக்கோளை அடையும் ஒரு வழியே. நல்ல குறிக்கோள் ஒன்றை மெய்யாலும் அடையலாம், பொய்யாலும் அடையலாம் என்றிருந்தால் பொய் விலக்கப்பட்டது. பொய்யாலன்றி அடைய இயலாதென்றால், அக்குறிக்கோளின் தகுதிக்கேற்ப அது ஆகுமானதாகவோ கடமையாகவோ ஆகும். அநியாயக்காரனுக்கு அஞ்சி ஒளிந்த ஒருவனின் உயிரைக் காக்கும் பொய் இவ்வகையினது. இமாம் நவவி (ரஹ்) அவர்களும் இதையே கூறி, அவ்விடத்திலும் இருபொருள்படப் பேசும் 'தவ்ரியா'வைக் கைக்கொள்வதே பேணுதல் என்கிறார்கள்.

இவ்வளவுகோலை வைத்துப் பார்த்தால் கள்வனின் இன்சொல் முழுப்பொய். பேராசையையும் சினத்தையும் அன்பின் ஆடையால் மூடியது. கணவன் மனைவியிடையே உள்ள சலுகை அன்பை வளர்ப்பதற்கேயன்றி, அன்பைக் கருவியாக்கி உயிரைப் பறிப்பதற்கன்று. பத்திரையோ, வலம்வர விடை கேட்டாள், வலம்வரவும் செய்தாள். சொன்னதில் பொய்யில்லை, சொல்லாததில் உயிர் இருந்தது. நம் நூலோர் மொழியில் அது தவ்ரியாவுக்கு மிக அண்மையில் நிற்கிறது. அதுவும் உயிர் போகும் இக்கட்டில். தீமை சற்றும் கலவாத நன்மையைத் தருமாயின் பொய்ம்மையும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்று வாய்மை அதிகாரத்தில் வள்ளுவர் கூறுவதையும் ஈண்டு ஒப்பிட்டு நோக்கலாம்.

ஆயின் கதை அத்துடன் முடிந்ததா? அங்கேதான் கதை, ஃபத்வாவை விட்டுப் பிரிந்து தன் வழியே நடக்கிறது. ஃபத்வா, "அவள்மீது குற்றமில்லை" என்று கூறி ஓலையை மடித்துவிடும். கதையோ அவள் பின்னே மலையிறங்கி வருகிறது. அவளால் வீடு திரும்ப முடியவில்லை. முதலில் சமணத் துறவியாகிறாள். பறிக்கப்பட்ட தலைமயிர் சுருண்டு வளர்ந்ததனால் குண்டலகேசி எனும் பெயர் பெறுகிறாள். பின்னர் புத்தரின் சீடரிடம் வாதில் தோற்றுப் பௌத்தத் துறவியாகிறாள். திரைப்படத்து மந்திரி குமாரியும் இறுதியில் துறவுக்கோலமே பூணுகிறாள். ஆகுமான வஞ்சனைக்கும் உள்ளம் ஒரு விலை கொடுக்கிறது என்பதைச் சட்ட நூல் சொல்லாது. சொல்லவேண்டிய கடமையும் அதற்கில்லை. அதைச் சொல்வதற்கே கதை இருக்கிறது.

அதே படநிலையம் 1956-இல் வண்ணப்படமாக வெளியிட்ட 'அலிபாபாவும் 40 திருடர்களும்' கதையின் மூலத்திலும் இதற்கோர் இலேசான எடுத்துக்காட்டு உண்டு. கள்வர்கள் அலிபாபாவின் கதவில் அடையாளமிடுகிறார்கள். பணிப்பெண் மர்ஜானா அதைக் கண்டு, அண்டை வீட்டுக் கதவுகளிலெல்லாம் அதே அடையாளத்தை வரைந்து வைக்கிறாள். ஒரு சொல்லும் பேசாமல் ஒரு பொய் சொல்லப்பட்டது. ஒரு வீடு காக்கப்பட்டது. பிள்ளைகள் இக்கதையைக் கேட்டுச் சிரிக்கிறார்கள். அச்சிரிப்பில், வஞ்சகம் என்றும் வெல்வதில்லை என்னும் நம்பிக்கை ஒலிக்கிறது.

எச்சரிக்கை ஒன்று

இவ்வாறெல்லாம் கூறுவதனால், கதையில் வரும் எப்பொய்யும் நன்றே என்று நாம் கூறுவதாக எவரும் கொள்ளற்க. அந்தத் தந்தையின் அச்சத்தில் உண்மையில்லை என்று தள்ளிவிடுவதற்கில்லை. பொய்யனின் சாமர்த்தியத்தையே தின்பண்டமாகத் தரும் கதைகள் உண்டு. அவற்றில் பொய்யன் வெல்வான், ஏமாந்தவன் நகைப்புக்கிடமாவான், கடன் திருப்பிக் கேட்கப்படாமலே கதை முடியும். அத்தகைய கதை மனிதரைப் பற்றியே பொய் சொல்கிறது. ஏனெனில், வாழ்வில் எப்பொய்யும் விலையின்றிப் போனதில்லை. சொன்னவன் கொடாவிட்டால் அவன் பிள்ளைகள் கொடுக்கிறார்கள்.

வேறொரு வகையும் உண்டு. ஒரு வார்த்தை பேசினால் தீர்ந்துவிடும் சிக்கலை, அவ்வார்த்தையைப் பேசவிடாமல் நூறு நாள் இழுக்கும் தொலைக்காட்சித் தொடர்கள் இல்லங்கள்தோறும் ஓடிக்கொண்டிருக்கின்றன. அங்கே பாத்திரம் பொய் சொல்வதற்குக் காரணம் அதன் உள்ளத்தில் இல்லை. தொடரை நீட்டுவோரின் தேவையில் இருக்கிறது. அச்சமோ ஆசையோ அன்போ இன்றிப் பிறக்கும் பொய், வேரின்றி நட்ட மரம். அது நிழலும் தராது, கனியும் தராது.

ஆகவே கதையை நிறுக்க வேண்டிய தராசு, "இதில் பொய் வருகிறதா?" என்பதன்று. "இப்பொய் எங்கிருந்து பிறந்தது? யாரை வருத்தியது? அதன் விலையை ஆசிரியன் மறைத்தானா, காட்டினானா?" என்பவையே தராசுத் தட்டுகள். இவற்றை அந்தத் தந்தையிடம் நாம் கேட்டிருக்கவேண்டும். கேட்கவில்லை.

அந்த நோட்டுப் புத்தகம்

இனி, நோட்டில் நாம் படித்தது. மலைமீது வாழும் ஒரு பெண்ணுக்குச் சேலத்துக் கல்லூரியொன்றில் இடம் கிடைத்ததாகக் கடிதம் வருகிறது. அவ்வாண்டு மிளகு விளைச்சல் பொய்த்து, முன்பணம் கொடுத்த அத்தா கடனில் இருப்பதை அவள் அறிவாள். கடிதத்தை அரிசிப் பானைக்குள் ஒளித்துவைக்கிறாள். மாலையில் அத்தா கேட்கும்போது, "இடம் கிடைக்கவில்லை, அத்தா" என்கிறாள். அவர் தலையைத் தடவி, "அல்லாஹ் நாடவில்லை போலும்" என்று வருந்துகிறார். ஆனால் அவ்வருத்தத்தின் அடியில் அவர் விட்ட பெருமூச்சில் ஒரு நிம்மதி இருந்ததை அவள் காது கேட்டுவிடுகிறது. அவ்வரியோடு எழுத்து நின்றுவிட்டது. அடுத்த ஏடுகள் வெறுமையாக இருந்தன.

நெடுநேரம் அவ்வெற்றுத் தாள்களையே பார்த்துக்கொண்டிருந்தோம். மகள் சொன்னது பொய். தந்தையின் வருத்தத்திலும் பாதி பொய். இருவரையும் பொய் சொல்லவைத்தது அன்பு. கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் அளவுகோலை இங்கே வைத்தால் எழும் வினா ஒன்றே: மெய்யால் அடைய வழி இருந்ததா? இருந்தது. இருவரும் ஒருவர் முன் ஒருவர் அமர்ந்து பேசியிருக்கலாம். பேசினால் மற்றவர் நோவார் என்று இருவரும் அஞ்சினர். பேசாததனால் இருவரும் நொந்தனர். பதினெட்டு வயது நிரம்பாத ஒரு பெண், எந்த உஸ்தாதிடமும் பாடம் கேளாமல், இத்தனையும் ஒரு பெருமூச்சில் வைத்துவிட்டாள். இந்த நோட்டையா பாவம் என்றோம்?

ஃபஜ்ர் தொழுகைக்குப்பின் அந்த அன்பர் வந்தார். ஏரியின்மேல் பனிமூட்டம் இன்னும் விலகவில்லை. "நேற்று நாம் கூறியது படியாமல் கூறியது. அதை நாம் திரும்பப் பெறுகிறோம். மன்னித்துக்கொள்ளுங்கள்" என்று கூறி, நோட்டின் கடைசிப் பக்கத்தை வாய்விட்டுப் படிக்குமாறு வேண்டினோம். பொய் சொன்ன வரியை மட்டுமே முன்பு கண்டிருந்த அவர், முதன்முறையாக அதற்குமேலும் படித்தார். பெருமூச்சு வரும் இடத்தில் குரல் நின்றது. நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டார்.

"ஹஸ்ரத், இந்த அத்தா நான்தானா?" என்று சற்றுப் பொறுத்துக் கேட்டார்.

"தெரியாது" என்றோம். முந்தின நாளே சொல்லியிருக்கவேண்டிய சொல்லை அப்போதாவது சொல்ல முடிந்தது. "அதை எம்மிடம் கேட்கவேண்டாம். வீட்டில் கேளுங்கள்" என்றோம்.

அவர் அரிசிப் பானையைத் திறந்து பார்த்தாரா, அதில் ஏதேனும் இருந்ததா என்பதை நாம் அறியோம், விசாரிக்கவுமில்லை. அது அந்த வீட்டாரின் அமானிதம். அன்று பிற்பகல் மலையிறங்கினோம். இருபது வளைவுகளிலும் சேலம் இடமும் வலமுமாக மாறி மாறித் தோன்றிற்று. முதல் நாள் அந்த அன்பர் நோட்டோடு வந்தபோது, நாமும் ஒரு வளைவில் நின்றுகொண்டே ஊர் முழுவதையும் கண்டுவிட்டதாக எண்ணினோம் என்பது அப்போது விளங்கியது.

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் பிள்ளைகள் எழுதும் கதையில் ஒரு பாத்திரம் பொய் சொன்னால், நோட்டைப் பறிக்குமுன் அப்பக்கத்தை முழுவதும் படியுங்கள். வீட்டில் சொல்ல வாய் வராத மெய் ஒன்று, கதையில் பொய்யின் உடையணிந்து உங்களிடம் வந்திருக்கலாம். அதை வாசலிலேயே விரட்டிவிடாதீர்கள்.

நம் நாவுகளை அல்லாஹ் மெய்யின்மீது நிலைநிறுத்துவானாக! மெய்யை அச்சமின்றிப் பேசத்தக்க இல்லங்களாக நம் இல்லங்களை ஆக்குவானாக! ஆமீன்.